தேதி யார் கையில்?

(கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில இங்கே விடப்பட்டுள்ளன.)



நிச்சயமற்ற சூழலில் உணர்ச்சி நம் முடிவுகளை எப்படி வடிவமைக்கிறது என்று பேசச் சொன்னார்கள். இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அறிவுரையில் போய் நிற்பார்கள்: உணர்ச்சிவசப்படாதீர்கள், ஆற அமர யோசித்துச் செய்யுங்கள். அந்த அறிவுரையைச் சொல்ல நான் இவ்வளவு தூரம் வரவில்லை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் பேருந்துக்கு எழுந்து போகிறவர்களுக்கும் உதவும். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாதபோது மனிதரை உணர்ச்சிதான் நடத்துகிறது. ஆனால், எந்த உணர்ச்சி நடத்தவேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவர் இல்லை. அவருக்குத் தெரியவேண்டிய செய்தியையும், வரவேண்டிய பணத்தையும், சொல்லவேண்டிய தேதியையும் கையில் வைத்திருக்கிறவர்தான் அதை முடிவு செய்கிறார். இதற்குச் சான்று தேடி நான் அதிக தூரம் போகவில்லை. இந்த மாவட்டமும் இதன் அண்டை ஊர்களும் போதும்.

1. வெட்டு உத்தரவு வரும்வரை

2013 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் எழுதியது. வறுமையும் அறிவுத்திறனும் பற்றி உலகில் எங்கே பாடம் நடந்தாலும் அந்தக் கட்டுரையின் பெயர் வரும். அதில் ஒரு பாதி அமெரிக்காவில் செய்த சோதனை. மறுபாதி விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் செய்தது. அன்றைக்குக் கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமாகத் தொடங்கியது 2019 நவம்பரில். ஆக, நம் வயல்வெளி உலக ஆராய்ச்சிக்குள் போயிருக்கிறது. இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டேன். கைகள் அதிகம் உயரவில்லை.

ஏன் கரும்பு விவசாயி? அவருக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெரும்பணம் வருகிறது. வெட்டும் முறையை ஆலை வகுக்கிறது. ஒரே ஊரில் ஒருவர் தோட்டம் வெட்டியாயிற்று, பக்கத்துத் தோட்டம் காத்திருக்கிறது. அதனால் வெயிலோ மழையோ பண்டிகையோ காரணம் என்று சொல்லித் தப்ப முடியாது. அதே ஆளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முன்பு 78 சதவீதத்தினர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 சதவீதம். முன்பு 99 சதவீதத்தினருக்குக் கடன் இருந்தது; பின்பு 13.

பிறகு படங்களைக் காட்டி, விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரேவன் சோதனை. அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள், பின் 5.45. கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறனை அளக்கும் எண் சோதனை ஒன்றை முடிக்க முன்பு 146 வினாடி ஆனது, பின்பு 131. ஆளும் அவரே, படிப்பும் அதுவே. மாறியது கையிலிருக்கும் பணம் மட்டும்.

இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும்கூட அளந்தார்கள். அறுவடைக்கு முன் பதற்றம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் பதற்றத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் வேறுபாடு நின்றது. பணத்தைப் பற்றிய நினைப்பு மனத்தின் இடத்தையே அடைத்துக்கொள்கிறது என்பது ஆசிரியர்களின் விளக்கம். கேட்டதை மறக்கிறோம், சொன்னதைத் திரும்பக் கேட்கிறோம், பையன் ஏதோ சொன்னான், என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கவலை உள்ளே இருக்கிறபோது இப்படித்தான்.

ஆனால் இந்த ஆய்வுக்கு மறுப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 2016-இல் கர்வால்யோ, மையர், வாங் என்ற மூவர் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அறிவுத்திறனில் வேறுபாடு தென்படவில்லை. பணத்தை இப்போதே வாங்கிவிடவேண்டும் என்ற அவசரம் மட்டும் சம்பளத்துக்கு முன் கூடியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. இது என் ஊகம். சோதித்துப் பார்க்க இங்குள்ள இளம் ஆய்வாளர்கள் யாராவது முன்வரலாம். அமெரிக்கத் தொழிலாளிக்குச் சம்பளத் தேதி தெரியும். நம் கரும்பு விவசாயிக்குத் தெரியாது.

மூங்கில்துறைப்பட்டோ, கச்சிராயபாளையமோ, எந்த ஆலையில் பதிந்திருந்தாலும் கதை இதுதான். பதிவு செய்த கரும்புக்கு வெட்டு உத்தரவு வரவேண்டும். வந்த பிறகு வெட்டு ஆட்கள் கிடைக்கவேண்டும்; மேஸ்திரி வேறு தோட்டத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பார். பிறகு வண்டி. பிறகு ஆலை வாசலில் வரிசை. நாள் தள்ளத் தள்ள முற்றிய கரும்பு காய்ந்து எடை குறைகிறது. எடை போட்ட பிறகு பணம் எப்போது என்று இன்னொரு கேள்வி. ஐந்து தேதிகள், ஐந்தும் வேறு வேறு ஆட்களின் கையில். இவ்வளவு காத்திருப்புக்கு நடுவில்தான் அவர் தன் ஆண்டின் பெரிய முடிவுகளை எடுக்கிறார்: நகையை எங்கே வைப்பது, என்ன வட்டிக்கு, கட்டைக் கரும்பை விடுவதா உழுதுவிடுவதா, மகளைக் கல்லூரியில் சேர்ப்பதா ஒரு வருடம் பொறுப்பதா. மனம் மிகக் குறைவாக வேலை செய்யும் மாதங்களில் மிகப் பெரிய முடிவுகள். அப்போது போய் அவரிடம் திட்டமிட்டு வாழக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பயிலரங்கம் நடத்துகிறோம்.

2. உணர்ச்சியை எடுத்துவிட்டால்

அப்படியானால் உணர்ச்சி இல்லாமல் முடிவெடுப்பதே நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ 1994-இல் எழுதிய ‘டெக்கார்ட்டின் பிழை’ என்ற நூலில் ஒரு நோயாளி வருகிறார். மூளையின் முன்புறத்தில் சேதம். அறிவுச் சோதனைகளில் குறைவில்லை. உணர்ச்சி மட்டும் மங்கிவிட்டது. அடுத்த சந்திப்புக்கு இரண்டு நாட்களைச் சொல்லி, எது வசதி என்று கேட்கிறார் மருத்துவர். அந்த மனிதர் நாட்காட்டியைப் பார்த்து ஏறத்தாழ அரைமணி நேரம் இரண்டுக்கும் காரணங்களை அடுக்குகிறார். வானிலை, வேறு வேலைகள், எல்லாம். முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் டமாசியோவே இரண்டாவது நாளில் வாருங்கள் என்றதும், சரி என்று எழுந்து போய்விட்டார். எடைபோடுவதை எங்கே நிறுத்துவது என்று சொல்ல அவருக்குள் எதுவும் இல்லை.

எனவே உணர்ச்சி வேண்டும். கேள்வி, எந்த உணர்ச்சி என்பது. இதில் நம் தொல்காப்பியர் பல நவீன உளவியலாளர்களுக்கு முன்னோடி என்று தயக்கமில்லாமல் சொல்வேன். (தமிழில் எல்லாம் முன்பே இருக்கிறது என்று பேசும் ஆள் நான் இல்லை என்பது என் மாணவர்களுக்குத் தெரியும்.) மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறப்பதாக வகுக்கிறார். அச்சம் எவற்றால் வரும்? அணங்கு, விலங்கு, கள்வர், தன்னை ஆளும் தலைவன். நான்குக்கும் பொதுவானது, அடுத்து என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது. தடுக்கும் வலுவும் நம்மிடம் இல்லை. வெகுளி எவற்றால்? உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அலைத்தல், கொலை. நான்கிலும் ஒருவன் செய்திருக்கிறான். தீங்கு நடந்து முடிந்திருக்கிறது.

இதே வேறுபாட்டைத்தான் ஜெனிஃபர் லெர்னரும் டேக்கர் கெல்ட்னரும் 2001-இல் சோதனைகளில் காட்டினார்கள். அஞ்சுகிறவர் ஆபத்தைப் பெரிதாக மதிப்பிடுகிறார். கோபப்படுகிறவர் சிறிதாக மதிப்பிடுகிறார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்களிடம் செய்த ஆய்விலும் அதே விடை. ஒரே நிகழ்ச்சி, ஒரே செய்தித்தாள். அச்சம் கிளறப்பட்டவர்களுக்கு எதிர்காலம் இருண்டு தெரிந்தது, கோபம் கிளறப்பட்டவர்களுக்கு அவ்வளவு இருட்டாக இல்லை. இரண்டும் விரும்பத்தகாத உணர்ச்சிகள்தாம். ஆனால் ஒன்று நிச்சயமின்மையைப் பெருக்குகிறது. மற்றது அதைத் துடைத்தெறிந்துவிட்டு எல்லாம் தெரியும் என்று நம்பவைக்கிறது.

3. நான்கு நாட்கள்

2022 ஜூலை 13-ஆம் தேதி இந்த மாவட்டத்தின் கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி மாணவி இறந்தார். அந்த மரணத்தைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. அது நீதிமன்றமும் மருத்துவர்களும் பார்க்கவேண்டிய விஷயம். அந்தக் குடும்பத்தின் துக்கம் மேடைப்பொருள் இல்லை. நான் பேச விரும்புவது 13-க்கும் 17-க்கும் இடைப்பட்ட நாட்களைப் பற்றி.

அந்த நாட்களில் உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது மிக அதிகம். அந்த இடைவெளியில் துக்கம் கோபமாகியது. கோபத்துக்கு ஒரு செய்தவன் வேண்டும். தொல்காப்பியர் சொன்ன நிலைக்களன் அது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் எரிந்தன, பள்ளி சூறையாடப்பட்டது, மற்ற பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து தீயில் போயின. உயர் நீதிமன்றம் இரண்டாவது உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்டது அதற்கு மறுநாள்.

இந்தத் தேதிகளின் வரிசையைக் கவனியுங்கள். கல்லெறிந்த இளைஞர்கள் பலர் தங்களுக்கு உண்மை தெரியும் என்று நம்பியிருப்பார்கள். அந்த நிச்சயம் கோபம் கொடுத்தது. அதோடு வழக்கு வரும், வேலைக்குப் போகும்போது காவல்துறைச் சான்று கேட்பார்கள் என்ற கணக்கையும் கோபம் சிறிதாக்கிக் காட்டியிருக்கும். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. நம்பத்தகுந்த ஒருவர் நாள்தோறும் ஒரு நேரத்தில் வெளியே வந்து, இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது, அடுத்த அறிக்கை இத்தனை மணிக்கு என்று சொல்லியிருந்தால் அந்தக் கோபத்துக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்குமா என்று கேட்கிறேன்.

4. பழகிய பாக்கெட்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம். இந்த அரங்கில் பலருக்கு அந்த நாள் உறவு வழியாகவும் தெரியும். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் நிரம்பின.

வெளியூரில் இதைப் பேசுகிறவர்கள், அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்தில் கள்ளச்சாராயத்தால் அத்தனை பேர் செத்தும் இவர்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டார்கள். கேள்வி கேட்பவருக்கு அது செய்தி. குடித்தவருக்கு அது அனுபவம். இரண்டும் வேறு வேறு பாடம் சொல்லும். ஹெர்ட்விக், பாரன், வெபர், எரெவ் ஆகியோர் 2004-இல் காட்டியது இது: அரிதாக நடக்கும் ஆபத்தைப் படித்துத் தெரிந்துகொள்கிறவர் அதை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்; பட்டுப் பட்டுத் தெரிந்துகொள்கிறவர் அளவுக்குக் குறைவாக எடுத்துக்கொள்கிறார். பல ஆண்டுகள் வாங்கிக் குடித்தும் ஒன்றும் ஆகாத மனிதரின் பயமின்மை முட்டாள்தனம் இல்லை. அவர் உடல் சேர்த்துவைத்த புள்ளிவிவரம் அது. அந்தக் கணக்கில் இல்லாத ஒன்று அன்று பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது.

மெத்தனாலில் இன்னொரு கொடுமை உண்டு. குடித்தவுடன் அது கொல்வதில்லை. கல்லீரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் ஆகும். பார்வை மங்கவும் வயிறு வலிக்கவும் அடுத்த நாள்கூட ஆகலாம். அதுவரை சாதாரண போதைதான். ஆபத்து நெருங்கும்போது உடல் எச்சரிக்கும் என்று நாம் நம்பியிருக்கிறோமே, அந்த எச்சரிக்கைக்கு இங்கே வழியே இல்லை. அப்படியானால் எச்சரிக்கை வெளியிலிருந்துதான் வந்தாகவேண்டும்.

அது எப்படி வந்தது? 19-ஆம் தேதி முதல் மரணங்கள் தெரிந்தபோது, கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பில் சொன்னதாகச் செய்தி வந்தது. அன்றே நிலைமை தலைகீழானது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது, நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைச் சிபிஐக்கு மாற்றியது. இழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. துக்கத்தில் குடிப்பது நம் பக்கத்தில் பழக்கம். காரணம் அதுவல்ல என்று ஒரு குரல் கேட்டால், இருந்த கொஞ்சத் தயக்கமும் போய்விடாதா? பீதி பரவக்கூடாது என்பதற்காகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று கருணாபுரத்துக்குத் தேவைப்பட்டது பீதிதான். சில மணி நேரம் முன்னதாக ஏற்பட்ட பயம், எத்தனாலும் டயாலிசிஸும் பலன் தரும் நேரத்துக்குள் ஆட்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கும். பயம் ஒரு மருந்தாக இருக்கக்கூடிய நேரங்கள் உண்டு. அதை ஊருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

5. மலைமேல்

கல்வராயன் மலைக்கு வருகிறேன். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். தவறாகச் சொன்னால் திருத்துங்கள். 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து. கருணாபுரத்துக்குப் பிறகு 2024-இல் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலையை விசாரிக்கத் தொடங்கியபோதுதான் சென்னையில் பலருக்கு இந்தக் கதை தெரிந்தது.

நிலத்துக்குப் பட்டா உறுதியில்லை என்றால் ஒருவர் எதை நடுவார்? பத்து மாதத்தில் பிடுங்கிவிடக்கூடிய மரவள்ளியையா, பல ஆண்டு பொறுத்துக் காய்க்கும் மரத்தையா? மரவள்ளியை நட்டவரைப் பார்த்து, தொலைநோக்கு இல்லாதவர் என்று கீழே இருந்து சொல்வது எளிது. தன்னை ஆளும் தலைவனை அச்சத்தின் நிலைக்களனாக வைத்த தொல்காப்பியர் இதைப் புரிந்துகொண்டிருப்பார்.

இன்னொரு முடிவும் உண்டு. பேசக் கூச்சமான முடிவு. ஆந்திராவின் சேஷாசலம் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போவது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அங்கே 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்கள் போனதுண்டு. உயிர் போகும் என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள் என்பதற்கு உளவியலாளர் பால் ஸ்லோவிக் குழுவின் ஆய்வுகளில் ஒரு விடை கிடைக்கிறது. ஒன்றின் பலன் பெரிது என்று மனத்தில் பதிந்துவிட்டால் அதன் ஆபத்து தானாகச் சிறிதாகத் தெரியும். இரண்டையும் மனம் தனித்தனியாக எடைபோடுவதில்லை. தரகருக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். முன்பணத்தைக் கையில் வைக்கிறார். எங்கே, யார் காட்டில், என்ன நேரலாம் என்பதை மூடி வைக்கிறார். எது நிச்சயமாகத் தெரியவேண்டும், எது தெரியக்கூடாது என்று அவரே பிரித்துவிட்டார். மலையிலிருந்து இறங்கி வண்டி ஏறும் ஆள் எடுக்கும் முடிவில் பாதி ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

6. செய்யக்கூடியவை சில

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி கேட்டார்: அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா, ஐயா? இருக்கிறது. கல்லெறிந்தவர் கல்லெறிந்ததற்குப் பொறுப்பு. ஆனால் பொறுப்பைப் பங்கிடும்போது தகவலை வைத்திருந்தவர் பங்கு எப்போதும் விட்டுப்போகிறது. அதைக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

காரணம் தெரியாத மரணங்கள் ஒரே ஊரில் நடந்தால் நிர்வாகம் முதலில் சொல்லவேண்டியது காரணத்தை அல்ல, செய்யவேண்டியதை: குடிக்காதீர்கள், நேற்று குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள், வருபவர்மேல் வழக்கு இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை என்று அதே மூச்சில் ஒப்புக்கொள்ளலாம். அதனால் யாருடைய மதிப்பும் குறையாது.

கரும்புக்குச் சட்டமே இருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. தாமதத்துக்கு விலை உண்டு என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்ட சட்டம். ஆனால் அது கணக்கிடும் விலை வட்டி மட்டுமே. மாசி, பங்குனியில் வெட்டிய கரும்பின் பணம் ஆனியிலும் வரவில்லை என்றால், பள்ளிக் கட்டணத்துக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கும் முடிவு அந்தக் கணக்கில் வராது. ஆலைகள் பதிவுச் சீட்டிலேயே எதிர்பார்க்கும் வெட்டு வாரத்தை அச்சிட்டுத் தரலாம். மாறினால் கைப்பேசியில் செய்தி அனுப்பலாம். கூட்டுறவுச் சங்கம் கடன் தவணையையும், வங்கி காப்பீட்டுப் பதிவையும், வேளாண் துறை பயிற்சி முகாமையும் ஆலை பணம் பட்டுவாடா செய்த பிறகு வரும் வாரங்களுக்கு மாற்றி வைக்கலாம். அதே விவசாயி, கூடுதல் செலவு எதுவும் இல்லாமல், கூடுதல் மனத்தோடு வந்து உட்காருவார். இதை ஓர் ஆலைப் பகுதியில், ஓர் அரவைப் பருவத்துக்கு மட்டும் செய்து, முன்னும் பின்னும் அளந்து பார்க்க இந்தக் கல்லூரியின் பொருளியல் துறையால் முடியும் என்று நம்புகிறேன். கேள்வித்தாளை வடிவமைப்பதில் நான் உடன் இருக்கிறேன்.